வெளியே போக நாலு வாசல்

என் தங்கை மகள் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் அரசியல் அறிவியல் படிக்கிறாள். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். அவள் இன்னும் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது. சேர்ந்த புதிதில் ஒருநாள் காலை பத்தேகாலுக்கு போன் செய்தாள். குரலில் அழுகை.

"மாமா, பத்து மணிக்கு கூகுள் ஃபார்ம் திறந்தாங்க. ஹாஸ்டல் வைஃபை சுத்திக்கிட்டே இருந்துச்சு. பத்து நாலுக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"என்னம்மா முடிஞ்சுபோச்சு? ரயில் டிக்கெட்டா?"

"எலெக்டிவ் பேப்பர் மாமா. நான் எகனாமிக்ஸ் கேட்டேன். மிச்சம் இருந்ததைக் குடுத்துட்டாங்க."

"மிச்சம் என்ன இருந்துச்சு?"

"யோகா."

ஏ.சி. தட்கல் டிக்கெட்டும் காலை பத்து மணிக்குத்தான் திறக்கிறது. அதில் இடம் கிடைக்காதவன் பஸ் பிடித்தாவது ஊர் போய்ச் சேருவான். பொருளாதாரம் கிடைக்காத பெண் யோகாவில் ஏறி எந்த ஊருக்குப் போவாள்? மூச்சை இழுத்துவிடச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். எப்படியும் அதற்கும் கிரெடிட் உண்டு.

நான் எண்பதுகளில் பி.ஏ. பொருளாதாரம் படித்தேன். அல்லைடு பாடம் என்னவென்று துறைத்தலைவர் கரும்பலகையில் எழுதிப்போட்டார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் வந்தது வரலாறும் புள்ளியியலும். இரண்டுமே முக்கியப் பாடத்துக்குக் கைகொடுத்தன. பஞ்சத்தைப் பற்றிப் படிக்கிறவனுக்கு எந்த ஆண்டுப் பஞ்சம், எத்தனை பேர் செத்தார்கள், அந்த எண்ணிக்கையை நம்பலாமா என்று கேட்கத் தெரிந்தது. துணைப்பாடம் என்ற பெயருக்கு அது நேர்மையாக நடந்துகொண்டது.

இன்றைக்கு அல்லைடு இல்லை, மைனர். எங்கள் பக்கத்தில் மைனர் என்றால் வேறு ஆள். சில்க் ஜிப்பா, கழுத்தில் செயின், அப்பன் சொத்தில் செண்டு. கிரெடிட் என்றால் அவருக்கு டீக்கடையில் மட்டும்தான். இப்போது எல்லாப் பிள்ளைகளையும் மைனராக்கிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

இந்தக் கூத்து முதலில் மேடையேறிய இடம் தில்லிப் பல்கலைக்கழகம். இனி நான் சொல்லப்போவது அங்கே நடந்தவை, பத்திரிகைகளில் அச்சானவை.

2010இலும் 2011இலும் ஆண்டுத் தேர்வை எடுத்துவிட்டு செமஸ்டர் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். மை காய்வதற்குள் 2013இல் நான்காண்டுப் பட்டம். மூன்றாண்டில் படித்ததை நான்காண்டு படிக்க வேண்டும், கூடுதலாகப் பதினோரு அடித்தளப் பாடங்களை எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும். அவற்றில் ஒன்று 'கணிதத் திறன் வளர்த்தல்'. பிளஸ் டூவில் கணக்கைக் கும்பிட்டு விட்டுவிட்டு வந்து சமஸ்கிருதமும் சமூகவியலும் எடுத்த பிள்ளைகள் மறுபடி கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள். அன்றைய துணைவேந்தர் தினேஷ் சிங் கணிதப் பேராசிரியர். நல்லவேளை, அவர் கால்நடை மருத்துவர் இல்லை.

அதே திட்டத்தில் 'மனம், உடல், இதயம் ஒருங்கிணைப்பு' என்றும் ஒரு பாடம் இருந்தது. மூன்றையும் ஒன்றுசேர்த்தார்கள். மூளைக்கு அட்டவணையில் பீரியட் ஒதுக்க முடியவில்லை போலிருக்கிறது.

இரண்டாண்டில் வெளியேறினால் டிப்ளமா, மூன்றில் வெளியேறினால் பட்டம், நான்கும் முடித்தால் ஆனர்ஸ் என்றார்கள். பல்லாயிரம் பிள்ளைகள் அந்த வீட்டுக்குள் குடிபோனார்கள். ஓராண்டுதான். 2014இல் மத்தியில் ஆட்சி மாறியது. பல்கலைக்கழக மானியக் குழு, முதல் ஆண்டு முழுக்க வேடிக்கை பார்த்த அதே குழு, ஜூன் மாதம் திடீரென்று விழித்துக்கொண்டு இது சட்டவிரோதம் என்றது. ஜூன் 27ஆம் தேதி நான்காண்டுத் திட்டம் ரத்து. அடித்தளப் பாடங்கள் படித்த பிள்ளைகளிடம், அடித்தளம் வேண்டாம், நேரே மாடிக்கு வாருங்கள் என்று சொல்லி மூன்றாண்டுப் பட்டத்துக்கு மாற்றினார்கள். கணக்கில் அவர்கள் வளர்த்த திறன் எங்கே போயிற்று என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்கவில்லை.

நான்காண்டுத் திட்டத்தை எதிர்த்து அன்று தெருவில் நின்றவர்களில் பா.ஜ.க. பக்கத்து மாணவர் அமைப்பான ஏ.பி.வி.பி.யும் உண்டு. ரத்து செய்வோம் என்பது அந்தக் கட்சியின் தில்லி வாக்குறுதிகளில் ஒன்று. நிறைவேற்றினார்கள், மறுப்பதற்கில்லை. ஆறு ஆண்டு கழித்து, 2020 ஜூலை 29ஆம் தேதி, அதே கட்சியின் அரசு புதிய தேசியக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே நான்காண்டுப் பட்டம், பல வாசல் வழியாக வெளியேறும் வசதி, எல்லாம் இருந்தன. இந்தப் பக்கம் 2013இல் அதைத் தலையில் வைத்து ஆடிய காங்கிரஸ் ஆட்கள் 2020இல் ஐயோ கல்வி போச்சே என்று மார்பில் அடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் அவர்களேதான், ஊஞ்சலில் மட்டும் பக்கம் மாறி உட்கார்ந்தார்கள்.

இடையில் 2015இல் விருப்பத் தெரிவு கிரெடிட் முறை வந்ததையும், 2019இல் 'கற்றல் விளைவு' அடிப்படையில் இன்னொரு பாடத்திட்டம் வந்ததையும் சொல்ல மறந்துவிட்டேன். கடைசியில் 2022இல் இப்போதைய சட்டகம். பன்னிரண்டு ஆண்டில் ஆறு திருத்தம். எங்கள் தெருவில் கேபிள்காரன், தண்ணீர்க்காரன், மின்சாரக்காரன் மூவரும் மாறி மாறிப் பள்ளம் தோண்டுவார்கள். அவர்கள்கூட இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை.

இப்போதைய கணக்கைப் பார்ப்போம். நான்காண்டுக்கு 176 கிரெடிட், பருவத்துக்கு 22. முதலாண்டில் அந்த 22இல் பிள்ளை விரும்பிச் சேர்ந்த மையப் பாடத்துக்கு 12. மீதிப் பத்தில் பிற துறையிலிருந்து எடுக்கும் ஒரு ஜெனரிக் எலெக்டிவ் நான்கு, மொழித்திறன் இரண்டு, தொழில்திறன் இரண்டு, மதிப்புக் கூட்டுப் பாடம் இரண்டு. பழைய முறையில் மையத்தாள் ஒன்றுக்கு ஆறு கிரெடிட், வாரத்துக்கு ஐந்து விரிவுரை. இன்று நான்கு கிரெடிட், மூன்று விரிவுரை. சோறு குறைந்து ஊறுகாய் கூடிய இலை. பந்தியில் எத்தனை அயிட்டம் என்று எண்ணிப்பார்ப்பவருக்கு விருந்து பிரமாதமாகத்தான் தெரியும்.

மூன்று விரிவுரையில் எதைக் குறைப்பது? வேபரையும் மார்க்ஸையும் குறுக்கே வெட்டி ஆளுக்கு ஒரு வாரம் கொடுக்கலாம். அப்படித்தான் நடக்கிறது. ஆசிரியர் சுருக்கிச் சொன்னதை மாணவர் இன்னும் சுருக்கி, கடைத்தெரு கைடு அதையும் சுருக்கி, கடைசியில் பரீட்சைத் தாளில் வந்து விழும்போது முதலாளித்துவம் நான்கு புள்ளிகளில் முடிந்துவிடுகிறது.

மதிப்புக் கூட்டு என்றதும் நமக்கு விற்பனை வரி ஞாபகம் வரும். தப்பில்லை, இதுவும் வாங்குகிறவன் தலையில் விழுகிற வரிதான். தில்லியில் வைத்த பட்டியலில் சிலவற்றைச் சொல்கிறேன், நான் கற்பனை செய்ததாக நினைக்கக் கூடாது: 'மகிழ்ச்சியாக இருக்கும் கலை', 'ஃபிட் இந்தியா', 'வேத கணிதம்', 'ஆயுர்வேதமும் ஊட்டச்சத்தும்', 'பஞ்சகோசம்', 'ஸ்வச் பாரத்'. பேப்பருக்கு இரண்டு கிரெடிட். மகிழ்ச்சியில் அரியர் வைத்த பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இருந்தால் அவர்கள்தான் அந்த வகுப்பில் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

'அரசியலமைப்பு விழுமியங்களும் அடிப்படைக் கடமைகளும்' என்று ஒரு பாடமும் பட்டியலில் உண்டு. உரிமைகள் தலைப்புக்கு வரவில்லை. அரசியலமைப்பை எழுதியவர்கள் மூன்றாம் பகுதியில் உரிமைகளைத்தான் வைத்தார்கள். குடிமகனின் கடமைப் பட்டியல் அவர்கள் எழுதியதே இல்லை. அது 1976இல், நெருக்கடிநிலை அமலில் இருந்தபோது, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது, 42ஆவது திருத்தத்தில் உள்ளே நுழைந்தது. நெருக்கடிநிலையை ஆண்டுதோறும் ஜூன் 25இல் கண்டிக்கிறவர்கள், அதன் பிள்ளையை மட்டும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார்கள்.

இனி 'ஸ்வச் பாரத்' பாடத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக் குழு ஒன்று ஆங்கில ஆனர்ஸ் ஐந்தாம் பருவத்தில், பெண்கள் எழுத்து பற்றிய தாளில், கைவைத்தது. மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' போயிற்று. கூடவே நம்மூர் பாமாவும் சுகிர்தராணியும் போனார்கள். சாதியையும் பெண் உடலையும் பற்றி ஒளிக்காமல் எழுதிய இரண்டு தலித் பெண்கள். பாமாவிடமிருந்து எடுத்து வைத்திருந்தது 'சங்கதி'யின் ஒரு பகுதி. அதை நடத்துகிற துறை கேட்டு நடந்த மாற்றம் இல்லை இது. கல்விக் குழுவில் எதிர்ப்புக் குறிப்பு எழுதினார்கள், பயனில்லை. மறு ஆண்டு புதிய சட்டகம் வந்தது, துடைப்பம் இரண்டு கிரெடிட்டோடு வகுப்பறைக்குள் வந்தது.

இந்த நாட்டில் யார் கூட்டுகிறார்கள், யார் குப்பை போடுகிறார்கள், சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவனின் சாதி என்ன, 2013இல் சட்டம் போட்டும் அது ஏன் நிற்கவில்லை? இது சமூகவியல். இதைத் தன் ரத்தத்திலிருந்து எழுதியவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தூய்மை பற்றி மாணவருக்கு மதிப்புக் கூட்டுகிறார்கள். பாமாவை வாசித்த பிள்ளை துடைப்பத்தைக் கையில் எடுக்குமுன், இது இத்தனை காலம் யார் கையில் இருந்தது என்று கேட்டுவிடும். கேட்காத பிள்ளைக்கு இரண்டு கிரெடிட் முழுசாகக் கிடைக்கும்.

வெளியே போனவர்கள் வரிசை நீளம். தொடங்கிவைத்தவர் ஏ.கே. ராமானுஜன். அவருடைய 'முந்நூறு ராமாயணங்கள்' கட்டுரை வரலாற்றுப் பாடத்தில் இருந்தது. கம்பனின் அகலிகையையும் வால்மீகியின் அகலிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற கட்டுரை. ஒரு தமிழ் வாத்தியார் எட்டாம் வகுப்பிலேயே செய்கிற வேலைதான். 2008இல் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், நான்கு நிபுணர்கள் பார்த்தார்கள். மூன்று பேர் இருக்கட்டும் என்றார்கள். 2011 அக்டோபரில் கல்விக் குழு அந்த நான்காமவர் சொன்னதைக் கேட்டு நீக்கியது. ஆட்சியில் இருந்தது அப்போதும் காங்கிரஸ்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2023 மே 26ஆம் தேதி கல்விக் குழு கூடி, 'நவீன இந்திய அரசியல் சிந்தனை' தாளிலிருந்து முகம்மது இக்பாலை எடுத்தது. இந்தியாவை உடைக்க அடித்தளம் போட்டவர்களுக்குப் பாடத்தில் இடம் கூடாது என்ற பொருளில் துணைவேந்தர் பேசினார். 'சாரே ஜஹான் சே அச்சா' எழுதியவர் இக்பால். 1984இல் விண்வெளியிலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று பிரதமர் கேட்டபோது ராகேஷ் சர்மா சொன்ன பதில் அந்த வரிதான். ஆண்டுதோறும் ஜனவரி 29 மாலை விஜய் சௌக்கில் ராணுவ இசைக்குழு அந்த மெட்டை வாசிக்கிறது. அங்கிருந்து பல்கலைக்கழக வளாகம் மெட்ரோவில் கொஞ்ச நேரம். ராணுவத்துக்கு இருக்கிற துணிச்சல் அரசியல் அறிவியல் துறைக்கு இருக்கக் கூடாதென்று முடிவு செய்துவிட்டார்கள்.

இக்பால் பின்னாளில் தனி முஸ்லிம் அரசு கேட்டவர் என்பது உண்மை. அதனால்தான் அவர் பாடத்தில் இருந்தார். ஒரே ஆள் அந்தப் பாட்டிலிருந்து அந்தக் கோரிக்கைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைவிட நல்ல பரீட்சைக் கேள்வி அரசியல் அறிவியலில் கிடையாது. இன்னொன்று கேளுங்கள். இக்பாலை வெளியேற்றிய அதே கூட்டத்தில் தேசப் பிரிவினையை ஆராய ஒரு தனி மையம் அமைக்கவும் ஒப்புதல் கொடுத்தார்கள். காலையில் சாட்சியைத் துரத்திவிட்டு மாலையில் விசாரணைக் கமிஷன் வைப்பது நமக்குப் பழக்கமான காரியம்தான். இவர்கள் இரண்டையும் ஒரே அமர்வில் முடித்தார்கள்.

காந்தி கதை இதைவிட நுட்பம். அவரை நீக்க முடியாது, ரூபாய் நோட்டில் இருக்கிறார். அதே மாதம் அரசியல் அறிவியல் துறைக்கு வந்த திருத்தத்தில் காந்தி பற்றிய தாளை ஐந்தாம் பருவத்திலிருந்து ஏழாம் பருவத்துக்குத் தள்ளி, ஐந்தாம் பருவத்தில் சாவர்க்கரை வைத்தார்கள். ஆறாம் பருவத்தோடு மூன்றாண்டுப் பட்டம் வாங்கி வெளியேறுகிறவர் காந்தியைப் பார்க்காமலே போகலாமே என்று ஆசிரியர்கள் அப்போதே சத்தம் போட்டார்கள். பல வாசல் வைத்த வீட்டின் பயன் இதுதான். யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை. எந்த வாசலுக்கு முன்னால் யாரை உட்கார வைக்கிறோம், எந்த வாசலுக்கு அப்புறம் யாரை உட்கார வைக்கிறோம் என்பதைக் கவனித்துக்கொண்டால் போதும்.

2025 மே மாதம் எல்லையில் இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையிட்டன. ஜூனில், எம்.ஏ. அரசியல் அறிவியலில் பாகிஸ்தான் பற்றிய தாள், சீனா பற்றிய தாள், மத தேசியவாதமும் வன்முறையும் பற்றிய தாள் எல்லாவற்றையும் எடுக்கும்படி நிலைக்குழுவில் சொல்லப்பட்டதாக அதில் இருந்த ஆசிரியர்கள் வெளியே வந்து கொதித்தார்கள். எதிரியை எடைபோட வேண்டிய நேரத்தில் தராசைத் தூக்கிப் பரணில் போடுகிற தேசபக்தியை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உலகப்படத்திலிருந்து அந்த இரண்டு நாட்டையும் அழிக்க முடியவில்லை, கைக்கு எட்டியது பாடத்திட்டம்தான்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் உளவியல் துறை. 'அமைதியின் உளவியல்' என்ற தாளில் காஷ்மீரும் பாலஸ்தீனமும் வேண்டாம், மகாபாரதமும் கீதையும் போதும் என்ற யோசனை நிலைக்குழுவில் வந்தது. மகாபாரதம் தாராளமாக வரட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. உத்தியோக பருவத்தை ஒழுங்காக நடத்தினால் கண்ணனே தூது போயும் ஐந்து ஊர், ஐந்து வீடுகூடக் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியதைச் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, சார், காஷ்மீரில் என்று ஆரம்பிக்கும். பாடத்தை மாற்றலாம், கடைசி பெஞ்சை என்ன செய்வீர்கள்?

தில்லிதானே, நமக்கென்ன என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 நவம்பரில் நம் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம், எம்.ஏ. ஆங்கிலத்தில் இருந்த அருந்ததி ராயின் மாவோயிஸ்டுகள் பற்றிய நூலை ஒரு புகார் வந்ததும் எடுத்துவிட்டு, மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தது. கிருஷ்ணன் மகத்தான எழுத்தாளர், யானைகளைப் பற்றி அவர் எழுதியதுபோல் எழுத ஆள் இல்லை. அவரை இப்படி இடத்தை அடைக்கிற சாக்குமூட்டையாகப் பயன்படுத்தியது அவருக்கும் செய்த அவமானம். புகார் கொடுத்தது அதே ஏ.பி.வி.பி., தில்லியிலும் கதவைத் தட்டுவது அதுதான். பெரியார் மண் என்று மேடையில் சொல்கிறோமே, அந்த மண்ணில் ஒரு கடுதாசிக்கு ஒரு புத்தகம் காணாமல் போனது.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டில் டிப்ளமா, மூன்றில் பட்டம், நான்கில் ஆனர்ஸ். போனவர் திரும்பி வரலாம், ஏழு ஆண்டுக்குள் முடித்தால் போதும், அதுவரை கிரெடிட்டை வங்கியில் போட்டு வைக்கலாம். கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. பாதியில் போகிற பிள்ளை எதற்காகப் போகிறது? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கும். அக்கா கல்யாணக் கடன் இருக்கும். ஹாஸ்டல் கட்டணம் ஏறியிருக்கும். பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். முன்பு இப்படிப் போன பிள்ளையை இடைநின்றவர் என்று எழுதினார்கள். அந்தச் சொல்லில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. ஏன் நின்றாள், நிறுத்தியது யார், உதவித்தொகை என்னவாயிற்று என்று யாராவது கேட்க வேண்டிவந்தது. இன்று அவள் இடைநிற்கவில்லை. நெகிழ்வான வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டாள். கையில் சான்றிதழைக் கொடுத்து, படம் எடுத்து, பஸ் ஏற்றி அனுப்புகிறார்கள். புள்ளிவிவரத்தில் ஒரு கறை குறைந்தது.

அந்த ஓராண்டுச் சான்றிதழ் என்ன செய்யும்? தமிழ்நாட்டில் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் பட்டம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில், சமூகவியலில் ஆறு மையத்தாள் படித்து மகிழ்ச்சியாக இருக்கும் கலையிலும் தேறியவர் என்று சொல்லும் இந்தக் காகிதத்தை எந்த ஜன்னலில் நீட்டுவது? வங்கியில் கிடக்கிற கிரெடிட்டை வைத்து ஒரு கிலோ அரிசி வாங்க முடியாது. பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை இந்த வாசல்களைப் பயன்படுத்தப் போவதே இல்லை. நான்காண்டும் முடித்து, அந்தப் பட்டத்தை வைத்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நேரே மேற்படிப்புக்குச் சேரும். நான்காண்டுப் பட்டத்தைச் சொல்லி விற்றதே அந்த வசதியைக் காட்டித்தான். நான்காம் வாசல் விமான நிலையத்துக்கு, முதல் வாசல் பஸ் ஸ்டாண்டுக்கு. இதற்குப் பெயர் சமவாய்ப்பு.

இந்த நான்கு வாசல் வீட்டில் ஆசிரியருக்கு எது வாசல் என்று யாரும் கேட்பதில்லை. தில்லிக் கல்லூரிகளில் நான்கு மாத நியமனம், அது முடிந்ததும் ஒருநாள் இடைவெளி, மறுபடி நான்கு மாதம் என்று பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு பாடம் நடத்தியவர்கள் இருந்தார்கள். அந்த ஒருநாள் இடைவெளிக்குப் பெயர் வேலையின்மை. நிரந்தர நியமனம் என்று நேர்காணல் வைத்தபோது அவர்களில் பலரைச் சில நிமிடங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு மானியக் குழு 2019இல் நிர்ணயித்தது விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அதுவும் கொடுத்தால். பாடத்தை அவர் எழுதவில்லை, மாற்றும்போது அவரைக் கேட்கவில்லை, மாறிய பாடத்தை அடுத்த திங்கட்கிழமை நடத்த வேண்டியவர் மட்டும் அவர்தான். உளவியல் படித்தவர் யோகா எடுக்கிறார், தத்துவம் படித்தவர் டிஜிட்டல் அதிகாரமளித்தல் எடுக்கிறார். எடுக்காவிட்டால் வொர்க்லோட் குறையும், குறைந்தால் ஆள் குறையும். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று மகிழ்ச்சியாக இருக்கும் கலையை நடத்துகிறவருக்கு அடுத்த பருவம் வேலை இருக்குமா என்று தெரியாது. அந்தப் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு அவருக்குத்தான் முதலில் வைக்க வேண்டும்.

மைனர் வாங்குவதற்கு விதி என்னவென்றால், தில்லியில் ஒரே துறையின் ஜெனரிக் எலெக்டிவ் ஏழு தாள், 28 கிரெடிட் தேற வேண்டும். காகிதத்தில் கொள்ளை அழகு. அரசியல் அறிவியல் மேஜர், பொருளாதாரம் மைனர் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் எந்தத் துறையின் எந்தத் தாள் எந்தப் பருவத்தில் நடக்கும் என்பது கல்லூரியில் எத்தனை ஆசிரியர் மிச்சம் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஓட்டல் பலகையில் நாற்பது அயிட்டம் எழுதியிருக்கும். உட்கார்ந்து கேட்டால், இட்லி இருக்கு சார் என்பார்கள்.

இதைத் திருத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். திருத்த வேண்டும். பழைய பாடத்திட்டத்தில் தூசி இருந்தது, சாதியைப் பற்றிப் பேச ஐரோப்பாவிலிருந்து ஆள் கொண்டுவந்த காலமும் இருந்தது, பழைய வினாத்தாளையே இருபது ஆண்டு திருப்பிப்போட்ட சோம்பேறிகளும் இருந்தார்கள். பொருளாதாரம் படிக்கிறவர் வரலாறும் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு துறையை மட்டும் படித்தவன் செய்த நாசத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனால் திருத்துகிறவர் அந்தத் துறையை நடத்துகிறவராக இருக்க வேண்டும். கூட்டத்துக்கு முந்தின இரவு வாட்ஸ்ஆப்பில் வருகிற இருநூறு பக்க நிகழ்ச்சிநிரலுக்குக் காலையில் கைதூக்குகிறவர்கள் திருத்தினால் இப்படித்தான் இருக்கும்.

போன வாரம் தங்கை மகள் பேசினாள். இப்போது ஆறாம் பருவம். மூன்றாவது வாசலில் நிற்கிறாள். விட்டதைப் பிடிக்க வேண்டுமென்று ஒவ்வொரு பருவமும் பத்து மணிக்கு முன்னாலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பொருளாதாரத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கிறாள். மைனருக்கு இன்னும் இரண்டே இரண்டு தாள்தான் பாக்கி.

"நாலாவது வருஷமும் இருந்து முடிச்சிடும்மா" என்றேன்.

"அந்த ரெண்டு பேப்பரையும் எடுத்த மேடம் போன செமஸ்டரோட போயிட்டாங்க மாமா. கௌரவ விரிவுரையாளர்தான் அவங்க. புது ஆள் இன்னும் போடல. அடுத்த வருஷம் அது ரெண்டும் கிடையாதுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க."

"அதுக்குப் பதிலா?"

"ஃபார்ம் அனுப்புறாங்களாம். பத்து மணிக்கு."